எட்டாம் வகுப்புவரை படித்தவன்

என் தம்பி குகதாசன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்றவன். காங்கேசன்துறையில் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் பியோன் வேலைக்கு மனுப் போட்டபோது, கல்வித் தகைமை என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு என்று எழுதினான். அதற்கு மேல் படித்தவர்களை அந்த வேலைக்கு எடுக்கமாட்டார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இன்னும் இரண்டு வருடம் என்னைப் படிக்க விட்டிருந்தால் நானே போட்டிருக்கலாம்.

என்னை மறித்ததே அவனைப் படிப்பிக்கத்தான். மயிலிட்டியில் எங்கள் அப்பு ஆழ்வாப்பிள்ளை வள்ளத்தில் கடலுக்குப் போய் வருவார், அம்மாவும் நானும் மீன் வெட்டிக் கருவாடு போடுவோம், தம்பி படிப்பான். இப்படித்தான் எங்கள் வீட்டில் வேலை பிரித்திருந்தது. அதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் சோதனை பாஸ் என்று செய்தி வந்த அன்று, அப்பு கரையில் நின்ற எல்லாருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தார். "என்ரை மோன் பீ.ஏ." என்று காது கேளாத கிழவருக்குக்கூட இரண்டு தரம் சொன்னார். அன்றைக்கு என் கோபமும் ஆறிப்போனது.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவன் மனு எழுதினான். எழுபதில் வெளியே வந்தவன், எழுபத்தைந்துவரை எழுதினான். கொழும்புக்கு மூன்று நேர்முகப் பரீட்சைக்குப் போனான். ஒரு இடத்தில் சிங்களம் தெரியுமா என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில் யாருடைய கடிதம் கொண்டுவந்தாய் என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. அவனோடு போனவர்களில் என்ஜினியர் படித்தவன் சாம்பியாவுக்குப் போய்விட்டான். விஞ்ஞானம் படித்தவனுக்கு ஹற்றனில் வாத்தியார் வேலை கிடைத்தது. கலைப் பட்டதாரியை ஒரு பள்ளிக்கூடமும் கேட்கவில்லை. சோளகக் காற்று எங்கே பிறக்கிறது, வாடை ஏன் வீசுகிறது என்று தம்பி பத்துப் பக்கம் எழுதுவான். அப்புவுக்குத் தன் பெயரை எழுதவே வராது, காற்றைப் பார்த்து வள்ளம் இறக்கத்தான் தெரியும். வேலை இருந்தது அப்புவுக்குத்தான்.

"அப்பவே சொன்னனான், சயன்ஸ் படியெண்டு," என்று கிழமைக்கு ஒருக்காலாவது அவனைக் குத்துவேன். உண்மையில் அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. சயன்ஸ் என்றால் என்ன என்றே எனக்குத் தெரியாது.

"ஓம் அக்கா, என்ரை பிழைதான்," என்பான்.

அப்படி இருக்கும்போதுதான் பியோன் வேலை கிடைத்தது. ஒரு வருடம் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம், பென்சன். அப்புவுக்கு நெஞ்சுநோ தொடங்கியிருந்தது. நிரந்தரமானால் இனி அவரைக் கடலுக்கு விடுவதில்லை என்று தம்பியும் நானும் பேசி வைத்திருந்தோம். அதுவரை அவர் பொறுக்கவில்லை. தம்பி வேலைக்குப் போய் ஒன்பதாம் மாதம், வலை இழுத்துவிட்டு வந்தவர் கரையிலேயே சரிந்துபோனார். பிறகு எங்கள் வீட்டுக்கு மிஞ்சியது அந்த வேலை ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். கல்லில் அல்ல, சின்னப் புத்தகமாக. செத்தவரின் சீவியத்தைப் பாட்டாகக் கட்டி, பிள்ளைகள் யார், என்ன படித்தவர்கள், என்ன உத்தியோகம் என்று எல்லாம் அச்சடித்து, சாப்பிட வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்கள். சனம் பாயாசத்தின் ருசியை மறந்தாலும் அதை மறக்காது. எந்த வீட்டில் எத்தனை டாக்டர் என்று விரல் வைத்து வாசிக்கும்.

"என்ரை பேரை மட்டும் போட்டால் காணும், அக்கா," என்று தம்பி சொல்லித்தான் என்னைச் சுன்னாகத்து அச்சுக்கூடத்துக்கு அனுப்பினான். ஏன் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அங்கே பாட்டுக் கட்டுகிற கந்தப்புப் புலவர் பென்சிலோடு இருந்தார். "ஆழ்வாப்பிள்ளைக்கு ஒரே மோன். மோன் என்ன செய்யிறார், பிள்ளை?"

பியோன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பெயரை மட்டும் போடச் சொன்னால், ஒன்றுக்கும் உதவாதவன் போலிருக்கிறது என்று ஊர் வாசிக்கும். அப்பு முப்பத்தைந்து வருடம் கடலில் காய்ந்ததற்கும், என் கையில் இருபது வருடமாகப் போகாத மீன் நாற்றத்துக்கும் சேர்த்து ஒரு சொல்லாவது அச்சில் வரக்கூடாதா என்று நினைத்தேன்.

"கலைமாணி," என்றேன். "பேராதனை." பீ.ஏ.யைக் கல்வெட்டில் அப்படித்தான் போடுவார்கள். கந்தோர் ஆட்கள் யார் அந்தியேட்டிக்கு வரப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

தலைமைக் கிளாக்கர் செபநாயகம் வந்தார். இளவாலை ஆள், வேதக்காரர், சைவச் சடங்குக்கு வரவே மாட்டார் என்று நினைத்தவர். சைக்கிளில் வந்து அம்மாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி, பந்தியில் இருந்து சாப்பிட்டார். நல்ல மனிசன், அதுதான் கரைச்சல். நான் குசினியால் வெளியே வரும்போது யாரோ அவர் கையில் கல்வெட்டைக் கொடுத்துவிட்டார்கள். போய்ப் பறிக்கவா முடியும்?

திங்கட்கிழமை தம்பி மத்தியானமே வீட்டுக்கு வந்தான். செபநாயகம் அவனைக் கூப்பிட்டுக் கதிரை போட்டாராம். பத்து மாதமாக "டேய் தம்பி" என்றவர், அன்றைக்கு "நீங்கள்" என்றாராம்.

"உங்களையே நான் தேத்தண்ணி வாங்க விட்டனான்," என்று கண் கலங்கினாராம். "கல்வெட்டை என்ரை மேசையிலை வைச்சிட்டன், கந்தோரிலை நாலு பேர் வாசிச்சிட்டினம். நான் மறைச்சால் என்ரை பென்சனும் போயிடும். நீங்களாய் விலகிறனெண்டு எழுதித் தாங்கோ. பொய் எழுதினதெண்டு மேலை உள்ளவை நிப்பாட்டினால், இனி ஒரு அரசாங்க வேலையும் கிடையாது."

தம்பி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"நான்தான் போடச் சொன்னனான்," என்றேன்.

"தெரியும்."

"அப்ப என்னைப் பேசன். வாயைத் திறந்து பேசன்."

"வெண்பா நல்லாய்க் கிடக்கு, அக்கா," என்றான். கையைக் கழுவிவிட்டுச் சோறு போடச் சொன்னான். அவன் திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துச் செபநாயகம் அவனுடைய கடைசிச் சம்பளத்தைக் கொண்டுவந்தார். உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார். அந்த வேலைக்கு இப்போது யார் என்று நான்தான் கேட்டேன்.

"அளவெட்டிப் பொடியன் ஒருத்தன். எட்டாம் வகுப்பெண்டுதான் எழுதியிருக்கிறான்." குரலைத் தாழ்த்தினார். "போன கிழமை ஏதோ மருந்துத் தகரம் வந்தது. மேலை கிடந்த இங்கிலீசைப் பார்த்திட்டு, உதை வெய்யிலிலை வையாதேங்கோ, ஆவி நெருப்புப் பிடிச்சு எரியும் எண்டான். எட்டாம் வகுப்புக்கு உது தெரியுமே? சயன்ஸ் பட்டதாரி போலை கிடக்கு. நான் கேக்கப் போகேல்லை."

சயன்ஸ் படித்திருந்தால் தப்பியிருப்பான் என்ற அந்த ஒன்றைத்தான் ஐந்து வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிழை அவனுடையது என்று வைத்திருந்தால் எங்கேயோ ஒரு சரியான வழி இருந்தது என்றும் நம்பலாம். இப்போது அதுவும் இல்லை.

தம்பி அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வெளியே வந்து சம்பளத்தை வாங்கினான்.

"அந்தப் பொடியனுக்குத் தேப்பன் இருக்கிறாரோ?" என்று கேட்டான்.

"ஓம், இருக்கிறார். ஏன்?"

"அவர் செத்தால் கல்வெட்டு அடிக்கவேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. செபநாயகத்தைப் பார்த்து, மரியாதையாகத்தான் சொன்னான். நான் கருவாடு அள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.