மூன்று முறை வந்த ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் கோபித்துக்கொள்வீர்கள்.

எங்கள் வீட்டு ஏசி ஓடும், காற்றும் வரும். குளிர்ச்சி மட்டும் வராது. மூன்று வாரத்தில் மூன்று முறை மெக்கானிக் வந்து பார்த்தார். அவர் இருக்கும்வரை அறை ஜில்லென்று இருக்கும். அவர் போன மறுநாள் மதியம் மறுபடியும் வெறும் காற்று. நான்காவது முறை போன் செய்தபோது கம்பெனியில் ஒரு பெண் குரல், "நடந்ததைத் தேதிவாரியா எழுதி வைங்க சார். சூப்பர்வைசரே மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து வாங்கிப்பார்" என்றது.

எழுதச் சொன்னது யாரை? வாரப் பத்திரிகைகளில் இருபத்திரண்டு வருடமாகத் தொடர்கதை எழுதிக்கொண்டிருப்பவனை. அரைப் பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு பக்கம் போய்விட்டது.

இன்னொன்றையும் இப்போதே சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் ஒரே கோளாறு மூன்று முறை பார்த்தும் சரியாகவில்லை என்று எழுத்தில் போனால், அந்த மெக்கானிக்குக் கம்பெனியில் இடமில்லை. இதைச் சொன்னவர் அவரேதான். மூன்றாவது தடவை வந்தபோது, ஸ்டூலில் நின்று ஸ்குரூவைத் திருகிக்கொண்டே சொன்னார். கெஞ்சவில்லை. "ஏரியாவை மாத்த மாட்டாங்க சார். ஆளையே மாத்திடுவாங்க."

ஆக, நான் எழுதுவதில் தொங்குவது ஒருவருடைய வேலை. இன்று நான்கு மணிக்கு வருகிறார்கள். இப்போது மணி இரண்டு.

2

தொடக்கம் ஒன்று: "அந்த மெக்கானிக்கின் பார்வையில் ஏதோ ஒரு திருட்டுத்தனம்—"

[அடித்துவிட்டேன். என் தொடர்களில் பழுது பார்க்க வருகிற ஆள் நல்லவனாக இருந்ததே இல்லை. வில்லன் வீட்டுக்குள் நுழைய ஒரு காரணம் வேண்டும். பழுதைவிட வசதியான காரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.]

தொடக்கம் இரண்டு: "மதிய வெயிலில் தெருவே உருகி—"

[வெயிலை வைத்து அரைப் பக்கம் ஓட்டலாம். சூப்பர்வைசருக்கு எதற்கு?]

தொடக்கம் மூன்று: "என் மனைவிக்குப் பகல்தான் இரவு."

இது நிற்கும். காரணம், உண்மை. அவள் நர்ஸ், எப்போதும் இரவுப் பணி. மதியம் பன்னிரண்டுக்குப் படுத்தால் நான்கு மணிவரை தூங்குவாள். அந்த நான்கு மணி நேரமும் வீடு என் பொறுப்பு. சத்தமில்லாமல் சமையலறையைத் துடைப்பேன், துணி துவைப்பேன்*, கதை எழுதுவேன். இரண்டு மணிவாக்கில் ஏசி கைவிட்டதும் பல நாள் அவள் வியர்த்து எழுந்து வந்து நிற்பாள். போன வாரம் பணியில் ஒரு நோயாளிக்கு மருந்துப் பெயரை இரண்டு முறை படித்தும் மனதில் ஏறவில்லை என்றாள். புகார் எழுதும் அளவுக்கு எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

* இதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. அவள் எழுவதற்குள் பெட்ஷீட் உலர்ந்து, மடிந்து, அலமாரிக்குள் போயிருக்கும். எப்படி என்று அவளுக்குத் தெரியாது. தொழில் ரகசியம்.

3

கடிதத்திலிருந்து அப்படியே தருகிறேன்.

"முதல் வருகை. மெக்கானிக் அரை மணி நேரம் முன்னதாகப் போன் செய்தார். (வேற்றாள் வருகிறாரே என்று பால்கனிக் கொடியில் கிடந்த பெட்ஷீட்டை எடுத்து உள்ளே போட்டேன்.) அவர் ரிமோட்டைப் பார்த்தார். கூலிங்கில்தான் இருந்தது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். குளிர்ந்தது.

"இரண்டாவது வருகை. போன் செய்தார். (பால்கனிக் கொடியில் கிடந்த பெட்ஷீட்டை எடுத்து உள்ளே போட்டேன்.) கேஸ் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. பால்கனியில் இருக்கும் வெளிப்பெட்டியைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்றினார். 'வெளிப்பெட்டி முன்னால் தடை ஏதும் இல்லை' என்று சீட்டில் எழுதினார். குளிர்ந்தது.

"மூன்றாவது வருகை. போன் செய்தார். (பால்கனிக் கொடியில் கிடந்த பெட்ஷீட்டை எடுத்து உள்ளே போட்டேன்.) மின்சாரம் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்தார். சென்சாரை மாற்றினார். பதினான்கு டிகிரியில் காற்று வந்தது."

அந்த அடைப்புக்குறி வரிகள் எதற்கு என்று கேட்பீர்கள். பழக்கதோஷம். கதையில் யாராவது வருவதற்குமுன் வீட்டில் ஏதாவது ஒரு சின்ன வேலை நடக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு வீடாகத் தெரியாது.

மூன்றாவது தடவை என் மனைவி தூக்கக் கலக்கத்தோடு கதவருகில் வந்து நின்றாள்.

"நீங்க வந்தா மட்டும் அதுக்கு மரியாதை வந்துடுது" என்றாள்.

"டாக்டர் உள்ள வந்ததும் காய்ச்சல் இறங்கிடுமே, அது மாதிரி மேடம்."

"இறங்காது. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். உங்களுக்கு ஏசி தெரியுமா, இல்ல ஃபேன் மட்டுந்தானா?"

மெக்கானிக் ஏசியின் வாயில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

4

இந்த மனிதரை எனக்கு எழுத வரவில்லை.

திருடனாக்கிப் பார்த்தேன். திருடன் ஒரே வீட்டில் கெப்பாசிட்டரையும் சென்சாரையும் மாற்றிவிட்டு, பழையவற்றை மேஜையில் வரிசையாக வைத்து, "இதுல எதுவும் கெட்டுப்போகல சார், சந்தேகத்துக்குத்தான் மாத்தினேன்" என்று சொல்வானா? கையாலாகாதவராக்கிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காம்பைச் செம்புக் கம்பி சுற்றி அவ்வளவு அழகாகக் கட்டியிருப்பவரைக் கையாலாகாதவர் என்று எழுதப் பேனா நகரவில்லை.

மூன்றாவது முறை கிளம்பும்போது அவர் பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றார். வெளிப்பெட்டியைப் பார்த்தார். அதன் முன்னால் இருந்த இரண்டடி இடத்தைப் பார்த்தார்.

"இங்க எப்பவும் இப்படித்தான் இருக்குமா சார்?"

"ஆமா" என்றேன்.

வீட்டைப் பற்றி வெளியாள் கேட்டால் வேறென்ன சொல்வது? "எப்பவும் இப்படித்தான் சுத்தமா இருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டேன் என்று நினைக்—

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. காரணம் அடுத்த பகுதியில்.]

5

எனக்கு முதன்முதலில் வாய்ப்புக் கொடுத்த உதவி ஆசிரியருக்கு ஒரு வெறி உண்டு. ஒரே வரி இரண்டாவது முறை வந்தால் சிவப்புப் பேனா பாயும். "வாசகர் என்ன, காது கேக்காதவரா?" என்பார். அவர் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. பேனா என் கைக்குள் வந்துவிட்டது.

மணி இரண்டே முக்கால். கடிதத்தைத் திருப்பிப் படித்தேன். பெட்ஷீட் வரி மூன்று இடத்தில் இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை அடிக்கலாம் என்று பேனாவைத் திறந்தேன்.

எதை வைத்துக்கொள்வது?

இரண்டாவது வருகையில் அடித்தால், 'தடை ஏதும் இல்லை' என்று மெக்கானிக் எழுதியது பொய்யாகிவிடும். ஏனென்றால் வழக்கமாக அங்கே—

எழுந்து பால்கனிக்குப் போனேன்.

என் தொழில் ரகசியம் கொடியில் கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் கொடியை இடம் மாற்றி வெளிப்பெட்டிக்கு நேர் முன்னால் கட்டியவன் நான்தான். அது தள்ளுகிற சூடான காற்றில் ஈரப் பெட்ஷீட் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். பறக்காமல் இருக்க, கீழ் விளிம்பைப் பெட்டியின் கம்பி வலையோடு சேர்த்து நான்கு கிளிப் வேறு. பெட்ஷீட், உண்டு முடித்த வயிறு மாதிரி உப்பியிருந்தது. பெட்டியின் தகட்டில் கை வைத்தேன். இஸ்திரிப் பெட்டிச் சூடு. வெளிப்பெட்டி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து, மூர்ச்சையாகிக் கிடந்தது.

கிளிப்பைக் கழற்றினேன். பெட்ஷீட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குள் போய், மெக்கானிக் மாதிரியே ஏசியின் வாயில் கை வைத்துக் கண்ணை மூடினேன். ஐந்து நிமிடம் வெறும் காற்று. பத்தாவது நிமிடம் விரல் நுனியில் லேசாக. பதினைந்தாவது நிமிடம் உள்ளங்கை முழுக்கக் குளிர்ந்தது. மனைவி தூக்கத்திலேயே போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? ஒரு நிமிடம், நிஜமாகவே. மூன்று வாரமாக யாருக்கும் பிடிபடாத முடிச்சை அவிழ்த்த சந்தோஷம்.

பிறகு யார் அதைப் போட்டது என்பதும் நினைவுக்கு வந்தது. அவர் கேட்ட கேள்வியும், நான் சொன்ன "ஆமா"வும்.

6

முடிவுகள்.

முடிவு அ: பெட்ஷீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறேன். சூப்பர்வைசர் வருகிறார், குளிர்கிறது. "நீங்க வந்ததும் சரியாயிடுச்சு சார்" என்கிறேன். கொடி பழைய இடத்துக்குப் போகிறது. கோளாறு இனி வராது. காரணம் யாருக்கும் தெரியாது. மெக்கானிக்கின் பெயருக்கு எதிரே மூன்று கோடு. [எழுத எவ்வளவு எளிது பாருங்கள். நான் எதுவுமே செய்ய வேண்டாம். வழக்கம்போல வீட்டை ஒழுங்குபடுத்தினால் போதும்.]

முடிவு ஆ: மெக்கானிக் பால்கனியில் நுழைகிறார். தரையில் ஒரு கிளிப். குனிந்து எடுக்கிறார். என்னைப் பார்க்கிறார். [பத்திரிகையில் இதைத்தான் விரும்புவார்கள். ஆனால் நான் கிளிப்பைத் தரையில் விடுகிற ஆள் இல்லை.]

முடிவு இ: நான் எல்லாவற்றையும் சொல்கிறேன். சூப்பர்வைசர் வாய்விட்டுச் சிரித்து மெக்கானிக்கின் தோளில் தட்டுகிறார். [அந்த சூப்பர்வைசரை நான் பார்த்ததே இல்லை. சிரிக்கிற ஆளா, சீட்டில் எழுதியதை மாற்ற முடியாது என்கிற ஆளா? பார்க்காத ஆளின் சிரிப்பை எப்படி எழுதுவது?]

7

மூன்றரைக்குப் போன் வந்தது. மெக்கானிக்தான். "அரை மணியில வந்துடுவோம் சார்." குரலில் ஒன்றுமே இல்லை.

பால்கனிக்குப் போனேன். பெட்ஷீட்டை நனைத்து, அதே கொடியில் போட்டு, வலையோடு சேர்த்து கிளிப் மாட்டினேன். சிறிது நேரத்தில் உள்ளே குளிர்ச்சி நின்றது. அதற்கடுத்த சில நிமிடங்களில் மனைவி எழுந்து வந்தாள்.

"போன் சத்தம் கேட்டுச்சே. யாராவது வர்றாங்களா?"

"சூப்பர்வைசர். மெக்கானிக்கும் வர்றார்."

"ஏங்க, கொடியில துணி கிடக்கு, நீங்க பாட்டுக்கு உக்காந்து எழுதிட்டிருக்கீங்க?" பால்கனியை நோக்கி நடந்தாள்.

"தொடாதே."

நின்றாள். சொன்னேன். முதலிலிருந்து, எதையும் அடிக்காமல். அவள் பெட்ஷீட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கிளிப் வேற போட்டிருக்கீங்களா?"

"பறக்குது."

"பறக்கத்தான் செய்யும். அது காத்தை வெளிய தள்ளுற மெஷின்." பிறகு தணிந்த குரலில், "அந்த மனுஷனை நான் ஃபேன் மட்டுந்தான் தெரியுமான்னு கேட்டேன்" என்றாள்.

"அவர் சரியாத்தான் கேட்டார். எப்பவும் இப்படித்தான் இருக்குமான்னு. நான்தான் ஆமான்னு சொல்லிட்டேன்."

"அதையும் எழுதியாச்சா?"

"எழுதியாச்சு. மூணு வரியும் அப்படியே இருக்கு. எதையும் அடிக்கல."

அவள் குனிந்து கீழ் விளிம்பைப் பார்த்தாள். ஒரு கிளிப் சரியாக மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வலையில் அழுத்தி மாட்டினாள்.

"காட்டுறதுன்னா முழுசா காட்டணும்" என்றாள்.

வாசலில் பெல் அடிக்கிறது. கதவுக்கு வெளியே இரண்டு பேர் பேச்சுக் குரல். ஒன்று எனக்குத் தெரிந்த குரல், இன்னொன்று தெரியாதது. பேனாவை மூடிவிட்டுக் கதவைத் திறக்கப் போகிறேன். தெரியாத குரல்காரர் என்ன செய்வார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவர்கள் வருகிறார்களே என்று கொடியில் கிடப்பதை எடுத்து உள்ளே போட்டுவிடாதீர்கள்.