மஞ்சள் போட்டுக் கழுவிய குடல்

1

இந்தக் கதை திண்டிவனத்தில் ஒரு கறிக்கடை வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண், "ஒரு முழம் குடல் குடுங்க பாய், காலேஜுக்கு" என்றார். குழம்புக்கல்ல, காலேஜுக்கு! கறி வாங்க மறந்து வீடு திரும்பினேன்.

முதல் வரி: 'ஆய்வகத்தில் பயங்கர அமைதி நிலவ, சுஷ்மா...'

வேண்டாம். மருந்தியல் கல்லூரி ஆய்வகத்தில் குளிர்பெட்டி எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும்.

2

குடல் எதற்கு? இதை விளக்காமல் என்னால் நகர முடியாது. சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் ஆட்டுக்குடலை உள்வெளியாகப் புரட்டி, இரு முனையையும் நூலால் கட்டினால் ஒரு சின்னப் பை. உறிஞ்சும் பக்கம் இப்போது வெளியே. மருந்து கரைத்த நீரில் அதைத் தொங்கவிட்டு, சுவரைத் தாண்டிப் பைக்குள் எவ்வளவு போகிறது, சுவரிலேயே எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பார்கள். (வெட்டிய பிறகும் குடல் கொஞ்ச நேரம் உயிரோடிருக்கும். அதற்குள் முடிக்க வேண்டும்.)

3

சுஷ்மா மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பத்துப் பெண். கிழங்குகூடச் சமைக்காத வீடு. முதல் வரைவில் அவளை மயங்கி விழவைத்து, பிறகு அடித்துவிட்டேன். மூன்று வருடமாக ஆய்வு செய்பவள் மயங்கமாட்டாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வாள். குடலைப் புரட்டிக் கட்டுவது உதவியாளர் வேலை. இந்த வாரம் அதைச் செய்பவர் புதிதாக வந்த தினக்கூலி இளவரசி.

4

மாலை நான்கு இருபது. புது வலிப்பு மருந்தின் அறிக்கை ஐந்து மணிக்குள் கம்பெனிக்குப் போக வேண்டும். நூறு பங்கில் இருபத்தாறு பைக்குள் நுழைந்திருந்தது. நெறியாளர் மாசிலாமணி துள்ளிக் குதித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். சுஷ்மா அடுத்த எண்ணில் நின்றுவிட்டாள். குடல் சுவரில் ஒட்டியது: நூற்றில் ஒன்று. இந்த வகை மருந்து குடல் சுவரை விடாமல் பற்றிக்கொள்ளும். குறைந்தது எட்டு இருக்க வேண்டும்.

"இளவரசிக்கா, காலையில குடல எப்படி எடுத்துக்கிட்டு வந்தீங்க?"

"ஏன் மேடம், நாத்தமே இல்ல இல்ல?" இளவரசி சிரித்தார். "நீங்க மூஞ்சியத் திருப்பிக்கினு கஷ்டப்படுறீங்களேன்னு, பாய்கிட்ட சொல்லி உப்பு, மஞ்சள் போட்டு நல்லா சொரண்டிக் குடுக்கச் சொன்னேன். நம்ம வீட்டுக்குன்னாகூட இவ்ளோ சுத்தம் கெடையாது."

சுரண்டியது அழுக்கையல்ல; மயிரிழைபோல் நின்று மருந்தை உறிஞ்சும் உள்தோலை. மிஞ்சியது சல்லடை; மருந்து தடையில்லாமல் உள்ளே ஒழுகியிருக்கிறது. இருபத்தாறை நம்பினால், உடம்பு நன்றாக உறிஞ்சுகிறது என்று மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள். போதாத மாத்திரையை விழுங்கியவருக்கு வலிப்பு நிற்காது.

5

முடிவுகள்.

(அ) சுஷ்மா அறிக்கையை அப்படியே அனுப்பிவிடுகிறாள். எழுதினேன், அடித்துவிட்டேன்.

(ஆ) இளவரசியின் தவறு என்கிறாள். நாளை முதல் இளவரசிக்கு வேலை இல்லை. சுஷ்மா...

இல்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல என்று எழுத ஆசைதான். எனக்கே உறுதியில்லை.

(இ) மாசிலாமணி உள்ளே வருகிறார்.

"என்னம்மா, அனுப்பிட்டியா?"

"சார், குடல் சரியில்ல. திரும்பப் பண்ணணும்."

"மணி என்ன ஆவுது? கட்டுறதுக்கு முன்னாடி நீ பார்த்த இல்ல?"

மூன்றாவது முடிவு இங்கேதான் சிக்கிக்கொண்டது. 'பார்த்தேன்' என்றால் பொய். 'பார்க்கவில்லை' என்றால் அடுத்த கேள்வி வரும்: இதுவரை என்றைக்காவது பார்த்தாயா? மூன்று வருடம், நூற்றுப் பதினான்கு பைகள், பாதி எழுதிய ஆய்வேடு. அந்தக் குடல்களையெல்லாம் யார் எப்படிக் கழுவிக் கொடுத்தார்கள் என்பது அவளுக்கே தெரியாது.

தொட்டியில் கண்ணாடிக் குச்சியைக் கழுவிக்கொண்டிருந்த இளவரசி குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்.

"சொல்லும்மா. பார்த்தியா, இல்லியா?"

அவள் வாயைத் திறக்கும் இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன். மூன்று நாளாக அவளுக்கு வசனம் எழுதி அடிக்கிறேன். வீட்டு அலமாரியில் என் மாத்திரை அட்டை ஒன்று இருக்கிறது; உங்கள் வீட்டிலும் இருக்கும். அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அவள் பதிலை நீங்கள் எழுதுங்கள்.