வெற்றுத்தாளில் வியாழக்கிழமை

வார்சா பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படித்த நாட்களில் என்னோடு சண்டை போடவே பிறந்தவன் போல ஒருவன் இருந்தான். தியோஃபில் என்று பெயர். நாளை நடக்கப்போவதைப் பற்றி இன்று சொல்லும் வாக்கியம் உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல என்றார் எங்கள் பேராசிரியர். நானும் அதை நம்பினேன். அவன் ஒப்பவில்லை.

"உண்மை இப்பவே இருக்கு லுட்விகா. உனக்குத் தெரியலைங்கிறதுக்காக இல்லாம போயிடுமா?"

"அப்போ அடுத்த வியாழக்கிழமை நீ என்ன பண்ணுவேங்கிறது இப்பவே முடிவாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்புறம் எதுக்குடா பரீட்சைக்குப் படிக்கிறே? போய்ப் படுத்துத் தூங்கு."

அவனைச் சீண்ட ஒரு வெற்றுத்தாளை மடித்து உறையில் போட்டு, அரக்கு வைத்து நீட்டினேன். "வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நீ என்ன பண்ணுவேன்னு எழுதியிருக்கேன். அப்போ பிரிச்சுப் பாரு." உள்ளே ஒன்றுமில்லாததைக் கண்டு அவன் விழிக்கும்போது, 'இதுதான் எதிர்காலம்' என்று சொல்வதாகத் திட்டம்.

வியாழக்கிழமை வகுப்பில் கணப்புச் சூடு தாங்காமல் அவன் எழுந்து ஜன்னலைத் திறந்தான். பன்னிரண்டு அடித்தது. உறையைப் பிரித்தவன் முகம் வெளுத்தது.

'தியோஃபில் ஜன்னலைத் திறக்கிறான்.' என் கையெழுத்து.

அவன்தான் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டான் என்று நினைத்தேன். மறுவாரம் இன்னொரு வெற்றுத்தாளை உறையில் போட்டு ஒட்டி என் மேலங்கியின் உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவன், யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி காசைச் சுண்டிப் பார்த்து, ஒரு காலணியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். வகுப்பே சிரித்தது. தையலைப் பிரித்தேன்.

'தியோஃபில் ஒற்றைக் காலணியோடு நிற்கிறான்.'

அப்போதுதான் நான் ஒட்டியவை வெற்றுத்தாள்கள் என்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேலி செய்யவில்லை. "இன்னொண்ணு ஒட்டு" என்றான் மெதுவாக.

மூன்றாவதை ஒட்டினேன். என்னால் பொறுக்க முடியவில்லை, புதன்கிழமையே பிரித்துவிட்டேன். 'தியோஃபில் வகுப்புக்கு வரவில்லை.' எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைப் பொய்யாக்குவது அவ்வளவு சுலபம்! மறுநாள் காலை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அவன் அறைக்குப் போய்த் தாளைக் காட்டினேன்.

"வராம இருப்பேனா? நொண்டிக்கிட்டாவது வருவேன்" என்று சிரித்தான். டிராமில் வந்தோம். மாடிப்படி ஏறினோம். வகுப்புக் கதவுக்கு நான்கு படி இருக்கும்போது பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது. அவன் நின்றுவிட்டான்.

"வாடா!"

"நான் வரலை."

"விளையாடாதே. தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்லை. யாரும் என்னைப் பிடிச்சு வைக்கலை. எனக்கு வேண்டாம்னு இருக்கு, அவ்வளவுதான்."

சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விலக்கிவிட்டு, புன்னகையோடு படியிறங்கிப் போனான். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அதன்பின் அவன் தர்க்கம் படிக்கவில்லை. கிதினியாவில் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆயிற்று. மூன்று வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது.

'அன்று படியில் நான் உள்ளே வரத்தான் நினைத்தேன், லுட்விகா. கால் கீழே இறங்கியது. வேண்டாம் என்று என் வாய் சொன்னதைக் கேட்டு உன்னைப் போலவே நானும் திகைத்தேன். அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. காப்பி வேண்டும் என்கிறேன், வருகிறது. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றேன், கல்யாணம் நடந்தது. ஆனால் அன்று வேண்டாம் என்றதற்கும் இவற்றுக்கும் எனக்குள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாம் அதே குரலில்தான் கேட்கிறது.'

கடைசியில், பெண் குழந்தை பிறந்திருப்பதாகவும் எழுதியிருந்தான்.

பல தடவை பதில் எழுதிக் கிழித்தேன். கடைசியில் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.