இரண்டு பேருக்கு மட்டும் சிப்பி

வெள்ளிக்கிழமை மதியம் நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது வானொலியில் என் பெயரைச் சொன்னார்கள். எங்கள் தீவில் தொலைபேசி கிடையாது. அவசரமாக யாருக்காவது எதையாவது சொல்ல வேண்டுமென்றால் காஸ்த்ரோ நகரத்து வானொலி நிலையத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும், ஒரு மணிச் செய்திக்குப் பிறகு வாசித்துவிடுவார்கள். அன்று முதலில் யாரோ ஒருவருடைய குடலிறக்க அறுவை நல்லபடியாக முடிந்திருந்தது. அடுத்து யாரோ ஒருவருடைய காளைக்குத் தடுப்பூசி. அடுத்து நான். "கெத்தேல் தீவு, திருமதி சுனில்தா ஒயார்சோ கவனத்திற்கு. ஞாயிற்றுக்கிழமை படகில் அரை மூட்டை கருஞ்சிப்பி வருகிறது. இரண்டு பேருக்குச் சமைக்கவும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம். இப்படிக்கு, பெலார்மினோ கார்க்கமோ." யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பதை மட்டும் அறிவிப்பாளர் இரண்டு தடவை வாசித்தார். அழுத்தம் வேறு.

கையிலிருந்த கிழங்கை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் எங்கள் தீவில் மட்டுமல்ல, எதிர்த் தீவிலும் அதற்கு அப்பால் உள்ள இரண்டு தீவுகளிலும் வானொலி பாடாத வீடு ஒன்றுகூட இருக்காது. இந்த மனிதர் இருபது வருடமாக இந்தக் கடலில் படகு ஓட்டுகிறார், இது தெரியாதா? தெரியும். ஆனால் பெலார்மினோவுக்கு ஒரு விஷயத்தை நேருக்கு நேர் சொல்வதைவிட நாலாயிரம் பேருக்கு முன்னால் இன்னொருவர் வாயால் சொல்வது சுலபம். அவருடைய கூச்சம் அந்த மாதிரி.

ஆறு வருடமாக அவர்தான் மாவு மூட்டையும் எரிவாயு உருளையும் கடிதமும் கொண்டுவருகிறார். நீர் வற்றிப் படகு தரைதட்டிய நாட்களில் என் சமையலறையில் சாப்பிட்டுவிட்டுப் போவார். தட்டைக் கழுவி வைப்பார். நன்றி என்று கதவு நிலையைப் பார்த்துச் சொல்வார். என் கணவர் எலிசேயோ போய்ப் பதினோரு வருடமாகிறது. எனக்கு நாற்பத்தொன்பது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, அந்த மனிதர் என்னைக் கேட்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். பதில் எப்போதோ தயார், கேள்விதான் வந்து சேரவில்லை. இப்போது படகு முதலாளி அவரைத் திங்கட்கிழமையிலிருந்து தெற்கே, இரண்டு நாள் பயணத் தொலைவில், வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கேட்டால்தான் உண்டு.

வானொலியில் அடுத்த தகவல் முடிவதற்குள் பக்கத்து வீட்டு ரொசெந்தா வாசலில் நின்றாள். கையில் ஒரு கிண்ணம்.

"கொஞ்சம் உப்பு வேணும் சுனில்தா. ஆமா, என்ன உடுப்பு போடப்போற? அந்த நீலத்தையே போடு."

"எதுக்கு?"

"எதுக்கா? சும்மாதான். ஞாயித்துக்கிழமை வருதே."

உப்பை வாங்காமலேயே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஜெபம் கால் மணி நேரத்தில் முடிந்தது. ஜெபம் சொல்லும் கந்தெலாரியோ மாமா ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து எங்களை விட்டதாகச் சரித்திரமே இல்லை. நான் வீட்டுக்கு வந்து அடுப்பில் விறகு வைப்பதற்குள் என் நாத்தனார் தொமித்திலா வந்துவிட்டாள். அவள் கையில் ஒரு சல்லடை. எலிசேயோ உயிரோடு இருந்தபோது என்னிடம் வாங்கிப் போனது.

"கடன் வச்சுக்கக் கூடாதுன்னு தோணுச்சு அண்ணி. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்." சொல்லிவிட்டு நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "அரை மூட்டை சிப்பி ரெண்டு பேருக்கா? அந்த ஆளுக்குக் கணக்கும் தெரியாது போல."

தொமித்திலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக என் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பதை அவள் ஒரு கடமையாகச் செய்துவருகிறாள். தன் அண்ணனின் சாவுக்கு வந்தவர்கள் முன்னாலேயே என் ரொட்டியில் உப்புக் குறைச்சல் என்று அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னவள். அண்ணன் வீட்டில் இன்னொரு ஆணின் செருப்பு கிடக்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

அவளுக்குப் பின்னால் ஊர் வந்தது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழையும் பழக்கம் எங்களிடம் இல்லை. ஒருத்தி புகைபோட்ட பன்றி விலா கொண்டுவந்தாள், ஒருத்தி தொத்திறைச்சி, ஒருத்தி ஒரு கூடை கிழங்கு, ரொசெந்தா இரண்டு முட்டைக்கோஸ். கந்தெலாரியோ மாமா ஆப்பிள் கள் ஒரு பெரிய ஜாடி. ஒவ்வொருவரும் "இந்தப் பக்கமா வந்தேன்" என்றார்கள். என் வீடு முனையில் இருக்கிறது, அதைத் தாண்டினால் கடல்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் எதையும் மூடப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கு எடுத்து வைத்த சின்னப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டுக் கோவில் திருவிழாப் பானையை வாங்கிவர ஆள் அனுப்பினேன். ஆத்திரமாக வந்தது. மூன்று பேர் இருந்தால் உப்புக் கேட்கவே கூச்சப்படும் மனிதர், முப்பத்தொரு பேர் முன்னால் என்னத்தைக் கேட்பார்?

பெலார்மினோ மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு மேட்டில் ஏறி வந்தார். தலை சீவி, இறுகப் பொத்தான் போட்டிருந்தார். வேலிக்கு உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பேயறைந்த முகம். திரும்பி ஓடிவிடுவாரோ என்று நினைத்தேன், மூட்டை கனம் தடுத்திருக்க வேண்டும்.

"வாங்க பெலார்மினோ, வாங்க!" என்றார் கந்தெலாரியோ மாமா, தன் வீடு மாதிரி. "நாங்க யாரும் இங்க இல்லேன்னு நெனச்சுக்கங்க."

முற்றத்தில் சிப்பியைக் கொட்டிச் சுத்தம் செய்ய உட்கார்ந்தோம். அவர் என் எதிரில். ஓட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவைக் கத்தி முதுகால் சுரண்ட வேண்டும், வாயோரத்தில் தொங்கும் நாரை இழுத்துப் பிடுங்க வேண்டும், வாய் திறந்து கிடப்பதை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, மூடாவிட்டால் தூர எறி. நான் இருபது முடிப்பதற்குள் அவர் மூன்று முடித்தார். ஒவ்வொன்றையும் பெண் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் எல்லோரும் வானத்தையும் கோழியையும் பார்ப்பதாக நடித்தார்கள்.

திடீரென்று அவர் தொண்டையைச் செருமினார். முற்றமே அடங்கியது. கோழியைப் பார்த்தவர்கள் கோழியை விட்டுவிட்டார்கள்.

"சுனில்தா..."

"சொல்லுங்க."

"வேற கத்தி இருக்கா? இது மழுங்கிடுச்சு."

பின்னாலிருந்து யாரோ "அடச்சே!" என்றார்கள். கால் மணி கழித்து இன்னொரு முறை செருமினார். அந்த முறை மழை வரும்போல இருக்கிறது என்றார். மூன்றாவது முறை உண்மையிலேயே தொண்டையில் ஏதோ சிக்கியிருந்தது.

"சிப்பிக்கு நார் பிடுங்கத்தான் வந்தாரு போல" என்றாள் தொமித்திலா. அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து எனக்கு அவள் தலையில் வாளியைக் கவிழ்க்கலாம் போல வந்தது.

பொறுக்க முடியாமல் கந்தெலாரியோ மாமா அவரை ஆப்பிள் மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார், தைரியத்துக்குக் கள் ஊற்ற. பெண்கள் நாங்கள் உள்ளே பானையை நிரப்பினோம். ரொசெந்தா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "கேப்பாருடி. சாப்ட்டதும் கேப்பாரு. வயிறு நிறைஞ்சாதான் ஆம்பளைக்கு வாய் திறக்கும்."

ஒன்றே கால் மணி நேரம் கழித்துப் பானையைத் திறந்தபோது வந்த ஆவியில் கொஞ்ச நேரம் எல்லோரும் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார்கள். சிப்பிகள் வாய் பிளந்து ஆரஞ்சு நிறத்தில் கொழுத்துக் கிடந்தன. கையால் எடுத்துச் சாப்பிட்டோம், ஓடுகளை வேலியோரம் எறிந்தோம். கடைசியில் பானை அடியில் ஊறிய சாற்றைக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தேன். பெலார்மினோ இரண்டு கோப்பை குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நான்கு மணிக்கு நீர் இறங்கிவிடும், அதற்குள் படகை எடுக்க வேண்டும். மூன்றரைக்கு எழுந்து நின்றார். தொப்பி கையில் சுழன்றது.

"சுனில்தா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

இந்த முறை யாரும் நடிக்கவில்லை. முப்பத்தொரு பேரும் கோப்பையோடு நேராக அவரைப் பார்த்தார்கள். நான் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டேன்.

"கேளுங்க."

அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். காது இரண்டும் சிவந்தன. வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

"இத... இத எப்படி சமைக்கிறதுன்னு சொல்லித் தருவீங்களா?"

"அங்க தெக்க எனக்கு யாரும் கிடையாது" என்றார் அவசரமாக. "ஒரு ரூமு, ஒரு அடுப்பு. சிப்பி அங்கயும் கிடைக்கும். ஆனா சமைக்கத் தெரியாது. அதான்." சொல்லிக்கொண்டே படகுக் குறிப்புப் புத்தகத்தை வெளியே எடுத்தார், காதில் இருந்த பென்சிலையும். ரொசெந்தா இன்றுவரை சத்தியம் செய்கிறாள், அவர் கேட்க வந்தது அதுவல்ல, கூட்டத்தைப் பார்த்துக் கடைசி நொடியில் மாற்றிவிட்டார் என்று. புத்தகமும் பென்சிலும் எப்போதும் அவரிடம் இருப்பவைதான், அதனால் எதையும் நிரூபிக்க முடியாது.

எனக்கு முகம் எரிந்தது. நீல உடுப்பில் நின்றுகொண்டிருந்தேன். திரைச்சீலை துவைத்திருந்தேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அதனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எழுதிக்கங்க. அடியில சிப்பி. அதுக்கு மேல விலா, தொத்திறைச்சி. அதுக்கு மேல கிழங்கு. பூண்டு நாலு பல்லு."

"நாலு பல்லு" என்று எழுதினார். பள்ளிப் பிள்ளை எழுத்து.

"கடைசியா முட்டைக்கோஸ் எலையால இறுக்கி மூடணும். ஆவி ஒரு பொட்டு வெளிய வரக் கூடாது."

"சரி. தண்ணி எவ்வளவு?"

நான் யோசிக்கவே இல்லை. "அரைப் பானை" என்றேன்.

இந்தச் சமையலில் தண்ணீர் ஒரு சொட்டு விடக் கூடாது. சிப்பி திறந்து விடும் நீரில்தான் எல்லாம் வேக வேண்டும், மிஞ்சிப்போனால் ஒரு தம்ளர் ஒயின். எங்கள் தீவில் ஐந்து வயதுப் பெண்ணுக்கும் இது தெரியும். தண்ணீர் ஊற்றினால் சாறு சட்டை அலசிய தண்ணீர் மாதிரி இருக்கும். அவர் தெற்கே அந்த அறையில் அதைக் குடித்துப் பார்த்து, ஏன் இப்படி என்று யோசித்து, இன்னொரு முறை செய்து, மறுபடி யோசித்து, கடைசியில் என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும்.

அரைப் பானை என்று அவர் எழுதினார். ரொசெந்தாவின் கோப்பை உதட்டருகே நின்றுவிட்டது. கந்தெலாரியோ மாமாவுக்கு இருமல் வந்தது, அவர் மனைவி முழங்கையால் அதை நிறுத்தினாள். அப்போது தொமித்திலா எழுந்தாள். இருபது வருடமாக என் சமையலில் ஒரு தப்பையும் விட்டுவைக்காதவள். அவள் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என் நீல உடுப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எங்க அண்ணி எப்பவும் இப்படித்தான், அளவு சரியாச் சொல்ல மாட்டா" என்றாள். "அரைப் பானை எப்படிப் பத்தும்? முக்கால் பானை ஊத்தணும். எழுதிக்கங்க."

பெலார்மினோ பென்சில் முனையை நாக்கில் தொட்டு, அரை என்று எழுதியதை அடித்துவிட்டு, முக்கால் என்று மெதுவாக எழுதினார். சுற்றிலும் முப்பது பேர் தலையைக் குனிந்துகொண்டு காலிக் கோப்பைகளை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.