இரண்டு வோட்டுக் குறைய

பத்து மணிக்கே கரைக்கு ஏறியிருக்க வேண்டிய வலை மூன்று மணிக்கும் கடலில் கிடந்தது. விடியற்புறம் தோணியில் போய் வளைத்தபோது கடல் சும்மாதான் இருந்தது. பிறகு தெற்கிலிருந்து நீரோட்டம் பிடித்தது. அதோடு கீரிமீனும் சேர்ந்தது. தண்ணீரின் மேல்தோல் கறுத்து நடுங்குவதைக் கண்டு கயிற்றில் நின்ற இருபது பேரும் கூவினார்கள். மாரி முடிந்த பிறகு இப்படியொரு மீன் இலங்கைத்துறைக் கரைக்கு வரவில்லை. அந்தக் கூவல் எப்போதோ அடங்கிவிட்டது. ஒரு அடி இழுத்தால் அரை அடியைக் கடல் திருப்பி எடுத்தது. கையைத் தளர்த்தினால் வலை சுருண்டு கிழியும். மீன் போகும், இருபது வீட்டு உலையும் போகும்.

அன்றைக்குத்தான் வோட்டு. சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருசத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களுக்கென்று தனியாக ஒரு கிராமச் சங்கம் பிரித்திருந்தார்கள். அதற்கு முதல் தேர்தல். இந்த வட்டாரத்தில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியார் வேலாப்போடி குடைச் சின்னத்தில் நின்றார். அவர் நின்றால் எதிர்த்து ஆள் நிற்காது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவருடைய வலையிலேயே கயிறு இழுக்கும் வீரக்குட்டி விளக்குச் சின்னத்தில் நின்றான். வாக்குச்சாவடி இரண்டு மைலுக்கு அப்பால் பள்ளிக்கூடத்தில். ஐந்து மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். பெண்களைச் சம்மாட்டியாரின் மாட்டுவண்டி காலையிலேயே ஏற்றிக்கொண்டு போய், போட்டதும் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தது. ஆம்பிளைகள் வலை ஏறியதும் போகலாம் என்று அவர் சொன்னதில் சூது இருந்ததென்று சொல்ல முடியாது. மீனுக்கு அவர் ஆள் அனுப்பிச் சொல்லவில்லை.

வீரக்குட்டி கூட்டம் வைத்துப் பேசியவனல்ல. வீடு வீடாகப் போய் முற்றத்தில் நின்று ஒரே கதையைத்தான் சொன்னான். மூதூரிலிருந்து மருத்துவிச்சியை அனுப்பத் தயார், வந்து தங்குவதற்கு ஒரு அறை இல்லை என்று அனுப்பாமல் இருக்கிறார்கள். சங்கத்துக்குப் போனால் அந்த அறையைக் கட்டுவேன். ஏன் அந்த அறை என்று யாரும் கேட்கவில்லை. போன மாரியில் அவன் மனைவி சீதேவியைத் தோணியில் படுக்கவைத்து வெள்ளத்தில் கொண்டுபோனபோது தண்டு வலித்தவர்களில் பாதிப்பேர் இந்தக் கயிற்றில்தான் நின்றார்கள். பிள்ளை தோணியிலேயே பிறந்தது. அழவில்லை.

மீன் சேரும் வலை மடி மார்பளவு தண்ணீருக்கு வந்ததும் வீரக்குட்டி கயிற்றை விட்டுக் கடலுக்குள் இறங்கினான். மடிக்குப் பின்னால் நின்று, அடியில் தட்டும் இடத்தில் காலால் கிளப்பிவிடுவது அவன் வேலை. அதற்கு அவனளவு மூச்சுள்ளவன் அந்த வலையில் வேறொருவன் இல்லை. கரையில் இன்னும் ஒரு மணித்தியால இழுவை மிச்சமிருந்தது.

பெண்கள் சோறும் தண்ணீரும் கொண்டு வந்தார்கள். வழக்கப்படி கயிறு முடியும் இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து காய்ந்த மணலில் நின்றார்கள். வலைக்கயிற்றைப் பெண் தொடக்கூடாது, தாண்டவும் கூடாது. தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்த சீதேவி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, நீங்களெல்லாம் இன்னும் போகல்லியா?"

"எங்க போற பிள்ளை? கடல் எங்களைப் பிடிச்சு வெச்சிருக்கு," என்றார் முன்னால் நின்ற அருளம்பலம். "உன்ட மனிசனுக்கு மீன்தான் வோட்டுப் போடும் போல."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நேரே நடந்து வந்து, அவர் கைக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தாள்.

கயிறு முழுக்க ஒரு அசைவு ஓடியது. வலையின் மறுமுனைக் கயிற்றின் பக்கமிருந்து வேலாப்போடி குரல் கொடுத்தார். "விடு பிள்ளை! என்ன வேலை இது? பொம்பிளை தொட்ட வலையில அடுத்த வருசம் மீன் ஏறாது."

"இந்த வருசத்து மீனே இன்னும் ஏறல்லையே சம்மாட்டியார்," என்றார் அருளம்பலம்.

"நான் காலையில உங்கட வண்டியில போய் வோட்டுப் போட்டனான்," என்றாள் சீதேவி. "இவங்களும் போடட்டும். இழுக்கிறத நாங்க இழுக்கிறம். ஆருக்குப் போட்டாலும் போடட்டும்."

மற்றப் பெண்கள் சோற்றுச் சட்டிகளை மணலில் இறக்கிவைத்தார்கள். பிறகு குணேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். கடைசியில் பதினெட்டுப் பேர்.

ஆம்பிளைகள் கயிற்றை விடவில்லை. எல்லாரும் வேலாப்போடியைப் பார்த்தார்கள். அந்தக் கரையில் அவர் கையில் மட்டுந்தான் மணிக்கூடு இருந்தது. "மணி என்ன சம்மாட்டியார்?" என்று அருளம்பலம் கேட்டார். வேலாப்போடி மணிக்கூட்டை வெகுநேரம் பார்த்தார். அவர் எந்த மணியைச் சொன்னாலும் அதுதான் மணி.

"நாலு பத்து," என்றார். "ஓடினாப் பிடிக்கலாம்."

ஓடினார்கள். ஈரச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, உப்பேறிய உடம்போடு இருபதில் பத்தொன்பது பேர் கரையோரமாக ஓடினார்கள். கயிறு ஒருதரம் கடல் பக்கம் சறுக்கியது. பெண்கள் குதிக்காலை மணலில் புதைத்து அதை நிறுத்தினார்கள்.

வேலாப்போடி சட்டையைக் கழற்றி வேலிக்கம்பில் போட்டார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு கயிற்றைத் தொட்டார். உள்ளங்கை சுட்டிருக்க வேண்டும், முகம் கோணியது.

"சம்மாட்டியார், நீங்க போகல்லியா?" கடலுக்குள்ளிருந்து வீரக்குட்டி கத்தினான்.

"வலையை ஆரிட்டக் குடுத்திட்டுப் போறது? நீ ஏன் நிக்கிறாய்?"

"மடி தட்டுது. நான் விட்டா அடியால மீன் போயிடும்."

"அப்ப உன்ட வோட்டு ஒண்டு, என்ட வோட்டு ஒண்டு. ரெண்டும் கழிஞ்சு போச்சு. இழு!"

பெண்களுக்கு வலை இழுக்கும் அம்பாப் பாட்டுத் தெரிந்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து கேட்ட பாட்டுத்தானே. ஆனால் அவர்கள் அதைப் பாடவில்லை. குணேஸ்வரி "ஒண்டு" என்றாள், எல்லாரும் இழுத்தார்கள். சீதேவியின் தோளில் கயிறு சட்டையை அறுத்துச் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. அலை விலகும்போதெல்லாம் வீரக்குட்டிக்கு அது தெரிந்தது. விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தவன் மடியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். போன மாரியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தோணியின் விளிம்பைப் பிடித்திருந்ததும் இப்படித்தான்.

"இஞ்சாருங்க," என்று அவள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "வோட்டில வெண்டா... அந்த அறைய எவடத்தில கட்டுவீங்க?"

இதை அவள் இதுவரை கேட்டதில்லை. வீட்டில் அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவனுடைய இரண்டு கையிலும் மடி இருந்தது. தாடையை உயர்த்தி ஆற்றுத்துறைப் பக்கம் காட்டினான். சீதேவி திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்களும் இழுத்தபடியே பார்த்தார்கள். கடைசியில் வேலாப்போடியும் பார்த்தார். தோணி கட்டும் கட்டைக்கு மேலே மேடான ஒரு மணல்திட்டு. தில்லை மரத்து நிழல் அதில் பாதிவரை விழுந்திருந்தது. நிழலுக்குள் ஒரு ஆடு, வயிற்றைக் குளிர்ந்த மணலில் வைத்து, குட்டியோடு படுத்திருந்தது.