தறிக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கிடார்

ஆடித் திருவிழாக் கச்சேரிகள் தொடங்கும் முன்பே காசியம்மாளைக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார் ராமதாஸ். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருடைய இன்னிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவள் அவள். ஆரணியில் மட்டுமில்லை, போளூர், தேசூர் என்று எந்த ஊர் மேடையானாலும், ஒரு பெண் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே முன்வரிசைக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதெல்லாம் ராமதாஸ் புது கீபோர்டு வாங்கும்வரைதான். அதில் ஒரு பட்டனைத் தட்டினால் வீணை, இன்னொன்றைத் தட்டினால் கிடார்.

ஒத்திகைக்குப் போனவளை உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டினார்கள். கம்பியை இழுத்து சுரத்தை வளைக்க வேண்டிய இடத்தில் கீபோர்டு மொட்டையாக அடுத்த சுரத்துக்குத் தாவியது. இது கிடார் இல்லை என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

ராமதாஸ் சிரித்தார். "மண்டபத்துல சோறு துன்னுகினு இருக்கறவனுக்கு அது தெரியப்போவுதாம்மா?"

வேலை போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தப் பேச்சுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தெரியுமா தெரியாதா என்று பார்த்துவிடுகிறேன் என்று வீடு வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. கணவன் பாலமுருகன் பட்டுச் சேலைகளுக்கு பார்டர் டிசைன் போடுகிறவன். கட்டம் கட்டமாக அன்னமும் மாங்காயும் வரைந்து முதலாளிகளுக்குக் கொடுப்பான். அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடாரைப் பதிவு செய்யப்போகிறேன் என்றாள் காசியம்மாள். அவன் மறுப்பு சொல்லவில்லை, ஆனால் சுவரைக் காட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கொட்டகை. காலையில் மோட்டார் போட்டால் இவர்கள் வீட்டு டம்ளர்கூட அதிரும். ராமதாஸின் வீட்டுக்குப் பின்னால் பாட்டுப் பதிவு செய்ய ஒரு அறை இருந்தது. அதைக் கேட்கலாமே என்றான். செத்தாலும் அங்கே போகமாட்டேன் என்றுவிட்டாள்.

இருவரும் பஸ் ஏறி சென்னைக்குப் போனார்கள். ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக் சாமான் விற்ற ஒருவர், வீட்டில் ரெக்கார்டிங் என்றதும் உற்சாகமாகிவிட்டார். ஸ்டாண்டோடு ஒரு பெரிய மைக், அதற்குத் தனியாக ஒரு பெட்டி, சுவரில் ஒட்ட ஸ்பாஞ்சு. இது மூன்றும் இல்லாமல் ரெக்கார்டிங்கே கிடையாது என்றார். பாலமுருகன் தலையாட்டத் தொடங்கிவிட்டான். காசியம்மாள் அந்த மைக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி ஹெட்போனை வாங்கி மாட்டினாள். கடை ஃபேன் சத்தம் காதில் விழுந்தது. தெருவில் போன ஆட்டோ கேட்டது. மூலையில் ஒருவர் டீயை உறிஞ்சியதுகூட விழுந்தது. பக்கத்துக் கொட்டகையை நினைத்துப் பார்த்தாள்.

"நல்ல மைக்குதாங்க. ஆனா எங்க வூட்டுக்கு ஆவாது," என்று ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள்.

மைக் இல்லாமல் கிடாரின் ஒயரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினால் என்ன என்று கேட்டாள். ஒயருக்குக் காது கிடையாதே, தறிச் சத்தம் எங்கிருந்து ஏறும்? நேராகச் சொருகினால் சத்தம் செத்துப்போய் வரும், இரைச்சல்தான் மிஞ்சும் என்றார் கடைக்காரர். மேடையில் காலால் மிதிக்கும் எஃபெக்ட்ஸ் பெட்டி அவளிடம் இருந்தது. அதன் வழியாகக் கொண்டுபோனால் சத்தம் ஏறித்தானே வரும் என்று விடாமல் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, வரும் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் ஒரு சவுண்டு கார்டு போதும். ஆனால் அது சின்னப் பிள்ளைகள் கேம் ஆட வாங்குவது, தொழிலுக்கு நிற்காது என்றார்.

அதைத்தான் வாங்கினாள். கூடவே ஒரு ஒயரும், காதை முழுசாக மூடும் ஹெட்போனும். திரும்பி வரும்போது பாலமுருகன், இது போதுமா என்று பயந்துகொண்டே கேட்டான். "போதலன்னா போதற வரிக்கும் பாக்கறேன்," என்றாள்.

கார்டை மாட்டி, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியிலிருந்து ரெக்கார்டிங் மென்பொருளை ஏற்றினார்கள். சுவர் அதிர அதிர வாசித்தாள். போட்டுக் கேட்டால் தறிச் சத்தம் துளிக்கூட இல்லை. ஆனால் வாசிப்புக்கு அடியில் வண்டு ஒன்று ஓயாமல் ரீங்கரித்தது. ஒயரை மாற்றினாள், பிளக்கை மாற்றினாள். வண்டு போகவில்லை. கடைக்காரர் சொன்னது சரிதானோ என்று பாலமுருகன் முணுமுணுத்தான். பெரிய பேஜாராகிவிட்டது. இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் கிடாரை மடியில் வைத்தபடி, குழம்பு பொங்குகிறதா என்று அடுப்படிப் பக்கம் திரும்பினாள். ஹெட்போனில் வண்டு பாதியாகக் குறைந்தது. மானிட்டர் பக்கம் திரும்பினாள், கூடியது. கையை நீட்டி மானிட்டரை அணைத்தாள். வண்டு நின்றேவிட்டது. அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்ததை அப்புறம்தான் பார்த்தாள்.

அன்றிலிருந்து அதுதான் முறை. பதிவைத் தொடங்கிவிட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, அடுப்படியைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பாள். முதலில் தாளத்துக்காகக் கம்பிகளைச் சேர்த்து மீட்டுவாள், அதன்மேல் மெட்டு. இரண்டாவதாக வாசித்தது எப்போதும் ஒரு நூலிழை பின்தங்கியே பதிவானது. அதைப் பிடித்து இழுத்து நேராக்கும் வேலையை பாலமுருகன் எடுத்துக்கொண்டான். பார்டரில் ஒரு புள்ளி தள்ளி விழுந்தாலே தூக்கம் போய்விடும் ஆள், இதை விடுவானா?

கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் வீரன், கேசட் அட்டைக்கு டிசைன் போட வந்த இடத்தில் அவள் வாசிப்பைக் கேட்டான். மாலை மாற்றும் காட்சிக்கு எல்லோரும் போடும் சினிமாப் பாட்டு அவனுக்கே சலித்துப் போயிருந்தது. ஒரு சிடியில் போட்டு வாங்கிக்கொண்டு போனான். அந்த வாசிப்போடு முள்ளிப்பட்டுக் கல்யாணம் ஒன்றின் வீடியோ கேசட் ஊரில் கைமாறிச் சுற்றியது. இது யார் வாசித்தது என்று பெண் வீட்டார் கேட்டு அனுப்பினார்கள். அடுத்த முகூர்த்தத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்று வீரன் வந்து நின்றான். சோறு தின்கிறவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஒருநாள் ராமதாஸ் வந்தார். அம்மன் பாட்டுகள் பதிவு செய்துகொண்டிருந்தார். பாடுகிறவர் கீபோர்டு கிடாரைக் கேட்டு முகம் சுளித்துவிட்டாராம். ராமதாஸ் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"நாளைக்கு ஜல்தியா வந்துடும்மா. மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"வாசிக்கிறேண்ணா. ஆனா அங்க வரமாட்டேன். பாட்டைக் கொண்டாங்க, இங்கயே வாசிச்சுத் தர்றேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் ஹெட்போனை நீட்டினாள். கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரமும் கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் தனக்கு ஸ்டுடியோ இருக்கும்போது அடுப்படிக்கு வந்து நின்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று கேட்டார்.

"அதை நீங்கதாண்ணா யோசிக்கணும்," என்றாள்.

அவர் திரும்ப வரவில்லை. வந்த வாய்ப்பை விட்டுவிட்டாயே என்று பாலமுருகன் ஆதங்கப்பட்டான். அவள் கம்பிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

தை மாசம் அம்மன் பாட்டுக் கேசட் கடைக்கு வந்தது. கீபோர்டு கிடாரோடுதான். காசியம்மாள் காசு கொடுத்தே ஒன்று வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பாட்டெல்லாம் நன்றாக இருந்தது. கிடார் வந்த இடங்களில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு, மேலே வேறு எதுவும் பதிவாகாமல் தடுக்க கேசட்டின் தலையில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் டேப் ஒட்டி மூடினாள். கம்ப்யூட்டரிலிருந்து டேப் ரெக்கார்டருக்கு ஒயர் இழுத்து, அம்மன் பாட்டுகளின் மேலேயே தன் மெட்டுகளைப் பதிவு செய்தாள்.

"சாமி பாட்டும்மா," என்றான் பாலமுருகன் தயங்கித் தயங்கி.

"அம்மனுக்குக் கிடாரு தெரியுங்க," என்று சொல்லிவிட்டு, மறுபக்கத்திலும் பதிவு செய்ய கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.