முப்பத்திரண்டு பண்ணைக்கு ஒரு கணக்கு

ஆட்டு ரோமம் வெட்டும் கூட்டத்தின் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு ஆடுகளை வெட்டிப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு காகிதத் துண்டில் எழுதி, மடித்து, மேஸ்திரியின் தொப்பியில் போட்டார்கள். நான்கு சீட்டில் 'ஈரம்'. ஒன்றில் 'காய்ந்தது'.

நனைந்த ரோமத்தை வெட்டினால் மூட்டுவலியும் கொப்புளமும் வெட்டுகிறவருக்குத்தான். அதனால் பெரும்பான்மை சொன்னதுதான் சட்டம். யார் எப்படிப் போட்டார் என்று கேட்பது மரியாதையில்லை. ஆக, அந்தப் புதன்கிழமை வேலை கிடையாது.

வைமாரிக்கு அது வசதியாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதுக்குள் அவளுக்கு ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். டாலர், பவுண்டு, யூரோ மூன்றும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கிற கணக்கு.

திங்கட்கிழமைதான் வேல்ஸிலிருந்து எம்ரிஸ் கூப்பிட்டிருந்தார். மூன்று கோடைகள் அவருக்குப் பக்கத்தில் நின்று ரோமம் வெட்டியவள் வைமாரி. கிழவருக்கு இடுப்பு போய்விட்டது. வருஷாவருஷம் அவர் பொறுப்பில் ரோமம் வெட்டுகிற முப்பத்திரண்டு பண்ணைகளை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும்.

"பண்ணைக்கு நூறு பவுண்டு முன்பணம், மொத்தம் மூவாயிரத்து இருநூறு. மீதி சீசன் முடிஞ்சு குடு. உன் பேர்ல இருக்கிற கணக்குலேருந்துதான் வரணும். அந்தக் கணக்கு நம்பரைப் போட்டுத்தான் சனிக்கிழமை எல்லாப் பண்ணைக்கும் கடுதாசி அனுப்புவேன், இனிமே கூலியை இதுல கட்டுங்கன்னு. வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கு என் அண்ணன் மகன் கெதின் ரொக்கத்தோட வர்றேன்னு நிக்கிறான். அதுக்குள்ள உன்னால முடியுமா?"

"முடியும் பெரியவரே" என்று சொல்லிவிட்டாள். வேல்ஸில் காலை எட்டு என்றால் பூமியின் மறுபக்கத்தில், இங்கே, இரவு ஒன்பது. சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது.

பதினான்கு வருஷமாக அடுத்தவர் கூட்டத்தில் கூலிக்கு ரோமம் வெட்டுகிறாள். அம்மாவைப் பெற்ற தாத்தா வேல்ஸில் பிறந்தவர் என்பதால் விசாவும் கைக்கு வந்தாயிற்று. ஏப்ரலில் இத்தாலியில் ஒரு மாதம், பிறகு வேல்ஸில் சொந்தச் சுற்று. முப்பத்திரண்டு பண்ணை கையில் இருந்தால் அவளே மேஸ்திரி.

சமையலறையில், கூட்டத்துக்குச் சமைக்கிற ஹேனி அத்தை ஆட்டிறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் தங்கியிருந்த பண்ணைக் குடியிருப்பில் இணையம் இருந்தது அவள் சமையலறையில் மட்டும்தான். மேஜையைச் சுற்றி மொத்தக் கூட்டமும் உட்கார்ந்துவிட்டது. ஓய்வு நாளில் அடுத்தவர் தலைவலியைவிட நல்ல பொழுதுபோக்கு உண்டா?

"உன் பழைய பேங்க்லயே வெளிநாட்டுக் கணக்கு இருக்குல்ல?" என்றாள் அத்தை.

"இருக்கு. மாசம் பத்து டாலர். வர்ற ஒவ்வொரு பணத்துக்கும் பதினஞ்சு டாலர். சின்னப் பண்ணைக்காரன் அறுபது ஆட்டுக்குக் கட்டுற கூலியில அவங்க முதல்ல கை நனைப்பாங்க. இன்னிக்கு அனுப்பினா அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ச் சேருமாம். கப்பல்ல அனுப்புவாங்க போல."

அவளுடைய சித்தி மகன் தாமாதி போனை ஆட்டினான். "அக்கா, இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? நாங்க எல்லாரும் போன்ல வச்சிருக்கோமே, நீலக் கலர் ஆப். அஞ்சு நிமிஷத்துல கணக்கு. காசே கேக்க மாட்டான்."

"கார்த் அண்ணனைக் கேளு, என்ன கேட்டான்னு" என்றாள் வைமாரி.

மூலையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த கார்த் நிமிரவில்லை. போன வருஷம் ஸ்காட்லாந்தில் அவருடைய நீலக் கணக்கில் ஒரு பண்ணைக்காரர் '412 ஆடு' என்று குறிப்பு எழுதிப் பணம் போட்டார். அடுத்தவர் '380 ஆடு' என்று போட்டார். இது சொந்தச் செலவுக்கான கணக்கு, இதில் வியாபாரம் செய்கிறீர்கள் என்று பூட்டிவிட்டார்கள்.

"மூணு வாரம்" என்றார் கார்த். "ரொட்டியும் பீன்ஸும். ஆட்டு வியாபாரின்னு நெனச்சுட்டானுங்க. 'எண்ணூறு ஆடும் எங்கே, காட்டு'ன்னு கேட்டானுங்க."

"இப்ப எதுல வாங்குறீங்க?"

"ரொக்கம்."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. வைமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்திரண்டு பண்ணைக்காரர்கள் முப்பத்திரண்டு விதமாக ஆட்டுக் கணக்கு எழுதிப் பணம் போடுவார்கள். முதல் வாரமே பூட்டு விழும்.

மிச்சமிருந்தது பச்சை. சுயதொழில் செய்கிறவர்களுக்கென்றே உள்ள கணக்கு. ஒரே ஒருமுறை கட்டணம். பிரிட்டனுக்கு ஒரு கணக்கு எண், ஐரோப்பாவுக்கு ஒன்று, இங்கே ஒன்று. ஆனால் கேள்விகள் ஏகப்பட்டது, சரிபார்க்க மூன்று நாள் வரை ஆகலாம். கூட்டத்தில் யாரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"ஓட்டுப் போட்டுடலாம்" என்று தாமாதி தொப்பியைக் கவிழ்த்தான். விளையாட்டாகத் தொடங்கியது காகிதம் கைக்கு வந்ததும் விளையாட்டாக இல்லை. நீலம் நான்கு, பச்சை ஒன்று.

வைமாரி கார்த்தைப் பார்த்தாள். கணக்கு பூட்டப்பட்ட மனுஷனே நீலத்துக்கா போட்டார்? கேட்கக் கூடாது. அவர் மும்முரமாகக் கத்தி தீட்டினார்.

"நீலம் ஜெயிச்சாச்சு" என்றான் தாமாதி.

"ஈர ஆட்டுக்கு எல்லாருக்கும் உடம்பு நோகும், அதனால ஓட்டு. இதுல நோகப்போறது எனக்கு மட்டும்தான்" என்று அத்தையின் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள் வைமாரி. "நான் பச்சைக்குப் போறேன்."

"அப்ப எதுக்குக்கா ஓட்டுப் போட்ட?"

"நீங்க எவ்வளவு பெரிய முட்டாள்னு தெரிஞ்சுக்கத்தான்."

முதல் முட்டுக்கட்டை பத்தாவது நிமிடமே வந்தது. போனுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், இரண்டு நிமிடத்துக்குள் போடுங்கள் என்றது திரை. இணையம் சமையலறையில். போனுக்குச் சிக்னல் கொட்டகைக்குப் பின்னால் குன்றின் மேல். வைமாரி மழையில் ஓடினாள். குன்றேறியபோது எண் வந்தது. இறங்கி வந்தபோது செத்துப்போயிருந்தது.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை போனைக் கொடுத்து தாமாதியை மேலே நிற்கவைத்தாள். ஓட்டில் தன்னைத் தோற்கடித்ததற்கு அதுதான் தண்டனை. அவன் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கத்தினான்.

"ஏழு! ஒண்ணு! ஒண்ணு! நாலு!"

"அப்புறம்?"

"ஒம்போது! கடைசி... ஐயோ, தண்ணி பட்டு ஸ்க்ரீன் தெரியலக்கா!"

நான்காம் முறை கதவு திறந்தது. அடுத்து முகத்தைக் காட்டு என்றது. காட்டினாள். வெளிச்சம் போதாது. விளக்கடியில் காட்டினாள். வெளிச்சம் அதிகம். அத்தை இறைச்சித் தட்டின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டுப் பின்னால் பிடித்தாள். முகம் தேறியது.

அடுத்து, முகவரிக்குச் சான்று.

வைமாரிக்கு முகவரி இருந்தது, சான்றுதான் இல்லை. வருஷத்தில் பதினோரு மாதம் பண்ணைக் குடியிருப்புகளில் படுக்கை. மீதி ஒரு மாதம் சொந்த ஊரான வைரோவாவில் அம்மா வீடு. மின்சார பில் அம்மா பேரில், தண்ணீர் மாமா பேரில். இந்த நாட்டு ஓட்டுநர் உரிமத்தில் முகவரியே கிடையாது. வரி இலாகா கடுதாசி அனுப்புவதை நிறுத்தி வெகு நாளாயிற்று, எல்லாம் மின்னஞ்சல். மேஸ்திரியிடம் ஒரு கடிதம் வாங்கிப் படம் பிடித்து ஏற்றினாள். 'இந்த ஆவணம் ஏற்கத்தக்கதல்ல.' வேன் காப்பீட்டுத் தாளை ஏற்றினாள். அதில் பழைய முகவரி. 'இந்த ஆவணம் ஏற்கத்தக்கதல்ல.'

"பதினாலு வருஷமா ஒழுங்கா வரி கட்டுறேன்!" என்று மடிக்கணினியைப் பார்த்துக் கத்தினாள். "நான் எங்க தூங்குறேன்னு உனக்கென்னடா?"

"பெண்ணே, அது என்னோட மிஷினு" என்றாள் ஹேனி அத்தை. "அடிச்சிடாத."

மத்தியானம் அம்மாவுக்குப் போன் போட்டாள், குன்றின் மேல் நின்று. வீட்டில் என் பேர் போட்ட காகிதம் ஏதாவது, எதுவாக இருந்தாலும் சரி, தேடிப் பார் என்றாள். அம்மா அலமாரி அலமாரியாகத் திறக்கும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழ். பல் டாக்டரின் பழைய சீட்டு.

"வேற ஒண்ணுமில்லடி. நாய்க்கு வந்த கடுதாசிதான் இருக்கு."

"என்ன கடுதாசி?"

"நகராட்சி. நாய்க்கு வருஷப் பதிவுப் பணம் கட்டச் சொல்லி. உன் பேர்ல வாங்கின நாய்தானே. உன் பேரு, இந்த வீட்டு விலாசம், தேதி எல்லாம் இருக்கு. போன மாசம் வந்தது. நான்தான் கட்டினேன், நாப்பத்தஞ்சு டாலர் நீ எனக்குத் தரணும்."

"அம்மா, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு! நாலு மூலையும் தெரியணும்!"

பச்சை அந்தக் காகிதத்தை இருபது நிமிடம் முகர்ந்து பார்த்தது. பிறகு ஏற்றுக்கொண்டது.

"எங்க குடும்பத்துல அரசாங்கத்துக்குத் தெரிஞ்ச விலாசம் அந்த நாய் ஒண்ணுக்குத்தான்" என்றான் தாமாதி, ஈரக் காலுறையைப் பிழிந்தபடி.

வியாழக்கிழமை ஆடுகள் காய்ந்துவிட்டன. காலை ஐந்திலிருந்து மாலை ஐந்து வரை வேலை. தேநீர் இடைவேளை ஒவ்வொன்றிலும் எல்லோரும் கேக்கைத் தேடிப் போக, வைமாரி குன்றைத் தேடிப் போனாள். 'பரிசீலனையில் உள்ளது.' மாலையில் ஒரு புதுக் கேள்வி: உங்கள் தொழிலின் இணையதள முகவரி என்ன? இணையதளம் எங்கே இருக்கிறது? போன வருஷ பில் ஒன்றையும், கையில் வெட்டுக் கருவியோடு ஆட்டைக் கால்களுக்கு நடுவே மல்லாத்திப் பிடித்திருக்கும் படத்தையும் அனுப்பினாள். இதற்குமேல் நிரூபிக்க வேண்டுமென்றால் அந்த அதிகாரியையே பிடித்து மொட்டையடித்துக் காட்டியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கணக்கு திறந்தது. பிரிட்டன் கணக்கு எண்ணைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் கொட்டகையில் ஆடுகள் மிரண்டன.

கூச்சல் அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை. பழைய வங்கியிலிருந்து ஏழாயிரத்து முந்நூறு டாலரைப் பச்சைக்கு மாற்றப் போனால், ஒரு நாளைக்கு ஐயாயிரம்தான் என்றது. வங்கிக்குப் போன் செய்தாள். இருபது நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண்.

"வரம்பை உயர்த்தணும்னா கிளைக்கு நேர்ல வரணும் மேடம்."

"கிளை ரெண்டரை மணி நேரத் தூரம். நாலரைக்கு மூடுறீங்க. மணி இப்ப மூணே முக்கால்."

"திங்கட்கிழமை வாங்க மேடம்."

"என் பணம்தானே அது?"

"ஆமா மேடம். வேறு ஏதாவது உதவி வேணுமா?"

குறைந்த இரண்டாயிரத்து முந்நூறு டாலரை கார்த் தர முன்வந்தார். அதுவும் ஆகாது. முதல் வாரம் போடும் பணமெல்லாம் கணக்கு வைத்திருப்பவரின் சொந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும் என்றது பச்சை. யாரைத் திட்டுவது என்றே வைமாரிக்குத் தெரியவில்லை. ஐயாயிரத்தை அனுப்பினாள். பவுண்டாக மாற்றி எம்ரிஸுக்குத் தள்ளினாள். இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த மட்டும் பச்சை சொன்ன சொல் தவறவில்லை.

ஆறரைக்குக் குன்றேறி அவரை அழைத்தாள். அங்கே விடியற்காலை ஐந்தரை. எம்ரிஸ் எப்போதோ எழுந்திருந்தார்.

"பணம் வந்திருக்கு. ஆனா குறையுது" என்றார்.

நடந்ததைச் சொன்னாள். நாய்க் கடுதாசி உட்பட. கிழவர் சிரிக்கவில்லை.

"மூவாயிரத்து இருநூறுன்னா மூவாயிரத்து இருநூறு. எட்டு மணிக்கு கெதின் முழுப் பணத்தோட வர்றான். உன்னுதை நான் திருப்பி அனுப்பிடறேன்மா. வார்த்தைன்னா வார்த்தைதான்."

மூன்று நாள் எரிச்சலையும் சேர்த்துக் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"உங்க வார்த்தை என்ன பெரியவரே? பண்ணைக்கு நூறு பவுண்டு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"மீதி தொள்ளாயிரத்து எண்பத்தாறு எட்டு மணிக்குள்ள வரணும்னா நான் செத்தாலும் வராது. இருபத்திரண்டு பண்ணைக்குப் பணம் உங்க கையில இருக்கு. இருபத்திரண்டை எனக்குக் குடுங்க. மீதிப் பத்தை கெதினுக்குக் குடுங்க. அவனுக்கும் ஆயிரம் பவுண்டோட வேலை முடிஞ்சுது. மிஞ்சுற பதினாலு பவுண்டுக்கு நீங்க பீர் குடிங்க."

எதிர்முனையில் மேஜை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"எந்த இருபத்திரண்டு?" என்றார் எம்ரிஸ்.

மூன்று கோடைகள் அவர் வேனில் உட்கார்ந்து போனவள் அவள். எந்தப் பண்ணையில் பாதை சேறு, எந்தப் பண்ணையில் கிடா உதைக்கும், எவர் கூலியை கிறிஸ்துமஸ் வரை இழுப்பார் என்று விரல்நுனியில் இருந்தது. பண்ணைப் பேர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எம்ரிஸ் பென்சிலால் எழுதிக்கொண்டார். இருபத்திரண்டாவது பேர் முடிந்ததும் அவர் பட்டியலைத் திரும்ப வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது கேட்டது.

"அடிப்பாவி! நல்லதையெல்லாம் பொறுக்கிட்டு, வேலிதாண்டி ஓடுற ஆடு, காசு தராத கஞ்சன், பாறைமேல இருக்கிற பண்ணை, எல்லாத்தையும் எங்க கெதின் தலையில கட்டுறியே!"

"இந்த மாதிரிப் பண்ணைங்களை வெளியாளுக்குக் குடுத்தா நாளைக்கு உங்க பேரு கெட்டுடும் பெரியவரே" என்றாள் வைமாரி. "சொந்தத்துக்குள்ள இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."